மீத்தேனில் மது, வைட்டமினில் ஆமூன்: வேதிப் பெயர்களின் பழைய வேர்கள்

மீத்தேன், அம்மோனியா, பென்சீன், அனிலின் போன்ற பெயர்களுக்கு எந்தப் பழைய மொழி மூலம், எல்லாமே கிரேக்கமும் லத்தீனும்தானா, அரபி, சமஸ்கிருதம், தமிழ் போன்றவற்றுக்கு இதில் இடம் இருக்கிறதா என்பது கேள்வி.

இடம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் துண்டுகள் பெரும்பாலும் கிரேக்கம், லத்தீன். தலைப்பகுதிதான் பல திசையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் பெயர் வைக்க உட்கார்ந்தபோது ஒவ்வொரு முறையும் அகராதியைப் புரட்டவில்லை. எந்தச் சரக்கிலிருந்து ஒரு பொருளை வடித்தார்களோ, அந்தச் சரக்கின் பெயரை எடுத்து, கொஞ்சம் வெட்டி, ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள். அந்தச் சரக்கின் பெயரோ அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கப்பலிலும் ஒட்டகத்திலும் பயணம் போய்க்கொண்டிருந்த சொல். அதனால் பழைய வேதிப் பெயர் ஒன்று, அந்தப் பொருள் என்ன என்பதைச் சொல்வதைவிட, அது முதலில் எதிலிருந்து கிடைத்தது என்பதைத்தான் சொல்லும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பெயர்கள் தானாகவே அவிழும்.

மீத்தேனிலிருந்தே தொடங்கலாம். மரக்கட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் ஒரு சாராயம் வடியும். மரச்சாராயம் என்றுதான் அதற்குப் பெயர். 1834-இல் துமா, பெலிகோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதை ஆராய்ந்து, அதற்குள் இருக்கும் கார்பன் தொகுதிக்குப் பெயர் தேடினார்கள். கிரேக்கத்தில் 'மெத்தூ' என்றால் மது, 'ஹூலே' என்றால் மரம். இரண்டையும் சேர்த்து மெத்திலீன் என்றார்கள். அதிலிருந்து மெத்தில் வந்தது, மெத்திலிலிருந்து மீத்தேன். கிரேக்க இலக்கணப்படி இது அவ்வளவு சரியான கூட்டு இல்லை. ஹூலே என்பது காட்டையும் விறகையும் குறிக்கும் சொல். கட்டைக்கு 'க்சூலோன்' என்று வேறு சொல் இருக்கிறது. சைலீனும் சைலோஸும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் யாரும் மாற்றவில்லை.

நமக்குச் சுவையான இடம் அந்த மெத்தூ. சமஸ்கிருத 'மது'வும் கிரேக்க 'மெத்தூ'வும் ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கிய சொற்கள் இல்லை. இரண்டுக்கும் மூத்த ஒரு தாய்மொழியில் தேனையும் தேனிலிருந்து காய்ச்சிய பானத்தையும் குறித்த ஒரே சொல், ஒரு கிளையில் மது ஆனது, இன்னொரு கிளையில் மெத்தூ ஆனது. ஆங்கிலத்தில் தேன்மதுவைக் குறிக்கும் 'மீட்' அதே குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை. வடமொழி வழியாக அது தமிழுக்கு மது என்றும் மதுரம் என்றும் வந்தது. ஆகவே மதுரம் என்ற சொல்லும் மீத்தேன் என்ற சொல்லும் தூரத்து உறவினர்கள். ஆனால் மீத்தேனின் கடைசியில் 'தேன்' என்று காதில் விழுகிறதே, அது வெறும் தற்செயல். அங்கே இருப்பது மெத்-துடன் சேர்ந்த 'ஏன்' என்ற விகுதி. ஹோஃப்மன் 1866-இல் ஏன், ஈன், ஐன் என்று உயிர்களை மாற்றி மாற்றி வகுத்த வரிசையில் முதலாவது அது. உறவு பெயரின் முன்பாதியில் இருக்கிறது, பலர் தேடுவது பின்பாதியில்.

'இல்' என்ற வாலுக்கும் ஒரு கதை உண்டு. துமாவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1832-இல், வோலரும் லீபிக்கும் பென்சாயில் என்ற பெயரில் அதைப் பயன்படுத்திவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மரம் என்ற அடிப்படைப் பொருளிலிருந்து, எதையும் செய்ய உதவும் மூலப்பொருள் என்ற பொருளுக்குத் தத்துவவாதிகள் ஹூலேயை நீட்டியிருந்தார்கள். வோலரும் லீபிக்கும் எடுத்தது அந்தப் பொருளை. ஒரே வால், ஒரு பெயரில் 'மூலப்பொருள்', மற்றொன்றில் 'மரம்'. இன்று எத்தில், புரோப்பில், வினைல் என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்த மரம் கூடவே வருகிறது.

ஈத்தேன் எத்திலிலிருந்து, எத்தில் ஈத்தரிலிருந்து. ஈத்தர் என்பது கிரேக்கத்தில் மேல்வானத்தின் ஒளிமிக்க காற்று. அடியில் இருக்கும் வினை 'எரிதல்'. எரிபொருளைக் குறிக்கும் 'இந்தனம்', 'சமித்து' ஆகிய வடசொற்களின் வேரும் அதுவே. எளிதில் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும் திரவத்துக்கு இந்தப் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

பியூட்டேனில் பசு இருக்கிறது. வெண்ணெய் கெட்டுப்போனால் வரும் வாடைக்குக் காரணமான அமிலத்தை ஷெவ்ரல் பிரித்து, வெண்ணெயின் லத்தீன் பெயரான பூட்டிரும் என்பதிலிருந்து பியூட்ரிக் அமிலம் என்று பெயர் வைத்தார். லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது: பௌஸ் (பசு), டூரோஸ் (பாலாடைக்கட்டி). பௌஸும் வடமொழி 'கௌ', 'கோ' என்பவையும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். அந்த அமிலத்தில் நான்கு கார்பன் அணுக்கள் இருப்பதால், நான்கு கார்பன் உள்ள எல்லாவற்றுக்கும் 'பியூட்' வந்துவிட்டது. டூரோஸும் சும்மா போகவில்லை. பால்கட்டிப் புரதத்திலிருந்து லீபிக் 1846-இல் எடுத்த அமினோ அமிலம் டைரோசின். சொல்லின் முன்பாதி எரிவாயுவுக்கும் பின்பாதி ஓர் அமினோ அமிலத்துக்கும் பெயராகிவிட்டது. புரோப்பேன், 'முதல் கொழுப்பு' என்று கிரேக்கத்தில் பொருள் தரும் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து வந்தது. ஐந்திலிருந்து மேலே வெறும் எண்கள்தாம்: பென்ட் என்பது பஞ்ச, ஹெப்ட் என்பது சப்த, ஆக்ட் என்பது அஷ்ட, டெக் என்பது தச. சப்த ஏன் ஹெப்ட் ஆனது? சொல்லின் முதலில் வரும் சகர ஒலி கிரேக்கத்தில் ஹகரமாகத் தேய்ந்துவிடும். லத்தீனில் உப்பு 'சால்', கிரேக்கத்தில் 'ஹால்ஸ்'. உப்பை உண்டாக்கும் தனிமங்களுக்கு ஹாலஜன் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சொல் கெய்ரோவுக்கு வடமேற்கே இருக்கிறது. வாடி நாட்ரூன் என்ற பள்ளத்தாக்கில் ஏரிகள் வற்றும்போது கரையில் வெள்ளையாக ஒரு படிவு நிற்கும். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த படிவு. எகிப்தியர்கள் அதைக் கொண்டுதான் இறந்த உடல்களின் ஈரத்தை உறிஞ்சி மம்மி ஆக்கினார்கள். அதன் எகிப்தியப் பெயரை இன்று 'நெட்ஜெரி' என்று படிக்கிறார்கள். கிரேக்கர் வாயில் அது நிட்ரோன் ஆனது, அரபியில் நாட்ரூன். ஐரோப்பாவுக்கு இரண்டு வடிவங்களும் வெவ்வேறு வழியில் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு பெரிய குழப்பம் நடந்தது. நிட்ரோனின் லத்தீன் வடிவமான 'நைட்ரும்' என்ற சொல், காலப்போக்கில் பழைய படிவை விட்டு நழுவி, வெடியுப்புக்குப் பெயராகிவிட்டது. இரண்டும் மண்ணில் வெள்ளையாகப் பூக்கும் உப்புகள், அவ்வளவுதான் ஒற்றுமை. வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். அதில் சோடியமும் இல்லை, கார்பனேட்டும் இல்லை. 1790-இல் சாப்டால், வெடியுப்பில் இருக்கும் வாயுவுக்கு 'நைட்ரை உண்டாக்குவது' என்ற பொருளில் நைட்ரஜன் என்று பெயர் வைத்தார். அரபி வழி வந்த நாட்ரூன் வடிவமோ பழைய பொருளை விடாமல் பிடித்துக்கொண்டு, சோடியத்துக்கு நாட்ரியம் என்ற லத்தீன் பெயரைத் தந்தது. சோடியத்தின் குறியீடு அதன் முதல் இரண்டு எழுத்துகள்.

இப்போது சோடியம் நைட்ரேட்டை எடுத்துப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு நாட்ரியம்நிட்ராட் என்று பெயர். முன்பாதியும் பின்பாதியும் ஒரே எகிப்தியச் சொல். ஒரே ஏரிக்கரைச் சரக்கின் பெயர், மூவாயிரம் ஆண்டுக்கு மேல் சுற்றிவிட்டு, இரண்டு வெவ்வேறு தனிமங்களாகத் திரும்பி வந்து ஒரே சேர்மத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதைப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நைட்ரஜனுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியேயின் தரப்பு 1787-இல் வைத்த பெயர் அசோட். 'அ' என்ற எதிர்மறை, 'சோயே' என்ற உயிர். அதாவது உயிர் தாங்காத காற்று. சோயேவும் ஜீவனும் ஒரே வேர், முன்னால் நிற்கும் அகரமும் இரண்டு மொழிக்கும் பொது. நைட்ரஜன் உள்ள சாயங்களை அசோ சாயங்கள் என்று படிக்கும்போது அதை 'அஜீவ' என்று பிரித்துக்கொள்ளலாம்.

எகிப்தின் இன்னொரு கொடை அம்மோனியா. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சீவா என்ற சோலையில் ஆமூன் கடவுளின் கோயில் இருந்தது. அந்தப் பக்கத்து மணலில் கிடைத்த உப்பை ரோமானியர்கள் ஆமூனின் உப்பு என்றார்கள். பின்னாளில் அந்தப் பெயர் நவச்சாரத்துக்கு, அதாவது அம்மோனியம் குளோரைடுக்கு, நிலைத்துவிட்டது. நவச்சாரத்திலிருந்து வரும் கார நெடி வாயுவுக்கு 1782-இல் பெர்க்மன் அம்மோனியா என்று பெயரிட்டார். ஆமூன் என்றால் எகிப்திய மொழியில் 'மறைந்திருப்பவன்'. கண்ணுக்குத் தெரியாமல் மூக்கைத் துளைக்கும் வாயுவுக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும் மனதில் நிற்கிறது. அம்மோனியாவிலிருந்து, அதன் வழிவந்த சேர்மங்களான அமீன், அமைடு, அமினோ அமிலம் ஆகியவற்றின் பெயர்கள் வந்தன. 1912-இல் காசிமிர் ஃபங்க், உயிருக்குத் தேவையான சில சத்துகள் எல்லாமே அமீன்கள் என்று எண்ணி, லத்தீன் 'வீட்டா'வுடன் அமீனைச் சேர்த்து வைட்டமின் என்றார். எல்லாம் அமீன்கள் இல்லை என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் இருக்கிறது, அதன் வாலில் ஆமூனும் இருக்கிறார்.

பொருள் இப்படி நழுவுவதற்கு ஆல்கஹாலை மிஞ்சிய உதாரணம் கிடையாது. அரபியில் 'அல்-குஹ்ல்' என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை. அஞ்சனக்கல்லை மாவாக இடித்த கறுப்புப் பொடி. அதற்கும் முன்னால் பாபிலோன் பக்கத்து அக்காடிய மொழியில் அது 'குஹ்லு'. நுண்ணிய பொடி என்ற பொருள், எதையும் சுத்தப்படுத்தி எடுத்த சாரம் என்று விரிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மருத்துவர் பாராசெல்சஸ் 'திராட்சை மதுவின் ஆல்கஹால்' என்று எழுதினார். பிறகு மது விழுந்துவிட்டது, ஆல்கஹால் நின்றது. கறுப்புப் பொடியின் பெயர் நிறமில்லாத திரவத்துக்கு வந்து சேர்ந்த பாதை இது.

நிறத்தால் வந்த பெயர்களில் ஆர்சனிக்கைச் சொல்லாமல் விட முடியாது. ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் பொன் மாதிரி மஞ்சளாக இருக்கும். ஈரானிய மொழிகளில் பொன்னிறத்தைக் குறிக்கும் 'சர்' என்ற சொல்லிலிருந்து அதற்குச் சர்னிக் என்று பெயர். சிரியாக் என்ற பழைய மேற்காசிய மொழி வழியாக அது கிரேக்கம் போனபோது, அவர்கள் தங்கள் மொழியில் ஆண்மையைக் குறிக்கும் சொல்லின் சாயலில் ஆர்செனிகோன் என்று ஆக்கிக்கொண்டார்கள். வேற்றுமொழிச் சொல்லைத் தெரிந்த சொல்லாக்கிப் பார்ப்பது எல்லா ஊரிலும் நடக்கும் வேலை. அதே கனிமத்துக்கு வடமொழியில் ஹரிதாலம். 'ஹரி' என்றால் மஞ்சள், பசுமஞ்சள். ஈரானிய 'சர்'உம் வடமொழி 'ஹரி'யும் ஒரே வேர்ச்சொல். ஹரிதாலம் தமிழில் அரிதாரம் ஆனது. நடிகர் முகத்தில் அரிதாரம் பூசுகிறார் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு அடியில் இருப்பது ஆர்சனிக் சல்பைடுதான். இந்த மஞ்சள் வேரின் கிரேக்கக் கிளை 'குளோரோஸ்', வெளிர்பச்சை. 1810-இல் டேவி பசுமஞ்சள் வாயு ஒன்றுக்குக் குளோரின் என்று பெயர் வைத்தது அதிலிருந்து. ஆக, ஆர்சனிக் குளோரைடு என்ற பெயரின் இரண்டு பாதியும் ஒரே பழைய மஞ்சள்.

பென்சீனுக்கு வருவோம். சுமத்திரா பக்கத்திலிருந்து வந்த நறுமணப் பிசின் ஒன்றை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்றார்கள், சாவகத்துக் குங்கிலியம். தமிழில் சாம்பிராணி என்று சொல்லும் பிசின்களில் இதுவும் ஒன்று. லுபானின் அடியில் 'வெண்மை' என்ற செமித்திய வேர் இருக்கிறது. பனி மூடிய லெபனான் மலைக்குப் பெயர் தந்ததும் அதே வேர். ஐரோப்பியர் காதில் 'லு' தங்கள் மொழிச் சொல்முன் வரும் சுட்டு மாதிரி கேட்டது, வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய 'பான்ஜாவி' பென்சாயின் ஆனது. அந்தப் பிசினிலிருந்து எடுத்தது பென்சாயிக் அமிலம். 1833-இல் மிட்செர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சூடாக்கி, ஃபாரடே 1825-இலேயே கண்டிருந்த திரவத்தைப் பெற்று, பென்சின் என்று பெயர் வைத்தார். அணுக்களின் வளையத்துக்குப் பெயரான சொல்லின் உள்ளே ஒரு தீவின் பெயர் தேய்ந்துபோய்க் கிடக்கிறது.

அனிலினின் கதை ஒரு போட்டி. உன்ஃபெர்டோர்பன் 1826-இல் அவுரிச் சாயத்தை வடித்து ஒரு திரவத்தைக் கண்டார். உப்புகள் அழகாகப் படிகமானதால் கிறிஸ்டலின் என்றார். ரூங்கே 1834-இல் நிலக்கரித் தாரில் ஒன்றைக் கண்டு, நீல நிறம் தந்ததால் கிரேக்கத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லை வைத்துக் கியானோல் என்றார். ஃபிரிட்ஷே 1840-இல் அவுரியிலிருந்து மறுபடி எடுத்து அனிலின் என்றார். சீனின் 1842-இல் பென்சீன் வழியில் தயாரித்துப் பென்சிடாம் என்றார். நான்கும் ஒன்றே என்று 1843-இல் ஹோஃப்மன் காட்டினார். நிலைத்தது அனிலின். அது வடமொழி 'நீல'. பாரசீகத்தில் நீல் ஆகி, அரபியில் 'அல்' சேர்ந்து 'அன்-னீல்' என்று ஒலித்து, போர்த்துகீசியரிடம் 'அனில்' ஆனது. முதலில் நிற்கும் அகரம் அரபியின் சுட்டு. கிரேக்க நீலமும் இந்திய நீலமும் மோதியதில் இந்திய நீலம் வென்றது.

சர்க்கரையும் இதே பாதைதான். 'சர்க்கரா' என்றால் முதலில் பரல், சிறு கல். பாரசீகத்தில் ஷகர், அரபியில் சுக்கர், அங்கிருந்து பிரெஞ்சு வழியாகச் சுக்ரோஸ். கிரேக்கர் தனியாக வாங்கிக்கொண்ட வடிவத்திலிருந்து சாக்கரைடும், 1879-இல் கண்ட சாக்கரினும்.

அப்போ தமிழ்? நேரடியாக ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை, சரக்கோடு வந்தது. இஞ்சித் தைலத்தில் இருக்கும் ஒரு ஹைட்ரோகார்பனுக்குச் சிஞ்சிபெரீன் என்று பெயர். வாலை எடுத்துவிட்டால் சிஞ்சிபெர்; லத்தீனில் இஞ்சி. கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், பாலி மொழியில் சிங்கிவேர. அதற்குப் பின்னால் இருப்பவை இஞ்சி, வேர் என்ற திராவிடச் சொற்கள் என்பது மொழியியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வடமொழியில் அதைச் சிருங்கவேரம் என்று ஆக்கி, கொம்பு மாதிரி உருவம் உடையது என்று பொருள் சொன்னார்கள். ஆர்செனிகோனில் கிரேக்கர் செய்த அதே வேலை. பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணமான ஜிஞ்சரால் என்பதும் இந்தச் சொல்லின் ஆங்கில வடிவத்திலிருந்துதான். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி நீரை இழந்து ஷோகாவோல் ஆகிறது. அந்தப் பெயர் ஜப்பானிய மொழியில் இஞ்சியைக் குறிக்கும் ஷோகா. மூலக்கூறு காய்ந்ததும் மொழி மாறிவிடுகிறது.

மாங்காய் போர்த்துகீசியரிடம் மங்கா ஆனது, அது தாவரவியலில் மாஞ்சிஃபெரா ஆகி, மாவிலையில் இருக்கும் மஞ்சள் நிறச் சேர்மத்துக்கு மாஞ்சிஃபெரின் என்று பெயர் தந்தது. தேக்கு, டெக்டோனா ஆகி, டெக்டோகுவினோன் என்ற சேர்மத்தில் இருக்கிறது. மிளகிலிருந்து 1819-இல் எர்ஸ்டெட் எடுத்த பைப்பரினின் பெயர் வடமொழிப் பிப்பலியிலிருந்து வந்தது. பிப்பலி என்பது மிளகு இல்லை, திப்பிலி. ஒரு கொடியின் பெயர் பக்கத்துக் கொடிக்குப் போய்விட்டது, நைட்ருக்கு நடந்த மாதிரியே.

உற்சாகத்தில் எல்லாவற்றையும் நம்முடையது என்று சொல்லிவிடக் கூடாது. சல்ஃபர் என்பது 'சுல்வாரி', செம்பின் பகை, என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஒலி ஒத்துப்போனால் போதாது. எந்தச் சரக்காக, எந்த மொழி வழியாக, எந்தெந்த வடிவத்தில் போனது என்று இடைப்பட்ட படிகளைக் காட்ட வேண்டும். நீலத்துக்கும் இஞ்சிக்கும் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் எழுத்தில் கிடைக்கின்றன. சல்ஃபருக்குக் கிடைக்கவில்லை.

படிகள் கிடைக்கிற இன்னொன்று காசுக்கட்டி. கருங்காலிக் கட்டையைக் காய்ச்சி எடுக்கும் அந்தத் துவர்ப்புக் கட்டிக்குத் தமிழில் காசு, கன்னடத்திலும் மலாயிலும் காச்சு. ஐரோப்பிய வணிகர்கள் அதைக் கேட்டச்சு என்று எழுதினார்கள். அதிலிருந்து எடுத்தது கேட்டச்சின்; கேட்டச்சினைச் சூடாக்கி வடித்ததில் 1839-இல் கிடைத்தது கேட்டகால். கேட்டகாலின் வளையமும் ஓர் அமீனும் சேர்ந்த பொருள்களுக்குக் கேட்டகோலமீன்கள் என்று பெயர். திடீரென்று பயந்தால் இரத்தத்தில் பாயும் அட்ரினலின் அவற்றில் ஒன்று. அந்தக் குடும்பப் பெயரில் தலையில் காசுக்கட்டி, வாலில் ஆமூன்.